கரைகாவலும் அடுத்த ஊரும்

தன் வீட்டைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒருவனுக்கு உண்டா என்று எவரேனும் வினவினால், நாம் அவரை வியப்போடுதான் நோக்குவோம். திருடன் வந்தால் கதவைத் தாழிடுகிறோம். வெள்ளம் வந்தால் வரப்பை உயர்த்துகிறோம். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால், நாம் தாழிட்ட கதவின் காரணமாகவே திருடன் அடுத்த வீட்டுக்குள் நுழைவான் என்பது நமக்கு முன்னரே தெரிந்திருந்தால்? நாம் உயர்த்திய வரப்பால் அண்டை வயல் மூழ்கும் என்பது ஐயமறத் தெரிந்திருந்தால்? கடலரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதைப் பொறியாளரின் வினாவாகவே நாம் பேசி வருகிறோம்: எத்தனை மீட்டர் நீளச் சுவர், எத்தனை டன் பாறை, எத்தனை கோடி ரூபாய். அக்கணக்குகளுக்கு அடியில் மனச்சான்றைத் தொடும் வினா ஒன்று கிடக்கிறது. அதை இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

உள்நாட்டில் வாழ்வோர் கடற்கரையை நிலத்தின் விளிம்பாகவே கருதுகின்றனர். வயலுக்கு வரப்புப்போல ஊருக்குக் கரை என்பது அவர்கள் எண்ணம். கடலோடு பழகியவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. அவர்களுக்குக் கரை என்பது வந்து போகும் பொருள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் தெற்கத்திக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து மோத, மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடை வீசும் மாதங்களில் அதில் ஒரு பகுதி தெற்கு நோக்கித் திரும்புகிறது. தெற்கத்திக் காற்றின் காலமே நீண்டது. ஆகவே ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. பல இலட்சம் கன மீட்டர் மணல் இவ்வாறு ஆண்டுதோறும் ஊர் ஊராக வழிநடை போகிறது. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் மணலே இதற்கு முதல். அம்முதல் அணைகளில் தேங்கியும், ஆற்றுப்படுகைகளில் அள்ளப்பட்டும் குறைந்து வருவது தனியே எழுதப்பட வேண்டிய துயரம். இங்கே அதைக் குறிப்பிட்டு மேலே செல்வோம். ஓர் ஊரின் முன் இன்று கிடக்கும் மணல் நேற்றுத் தெற்கேயுள்ள ஊருக்குரியதாக இருந்தது. நாளை வடக்கேயுள்ள ஊருக்குரியதாகும். ‘எங்கள் கரை’ என்று நாம் சொல்வதெல்லாம், ஓடும் ஆற்றில் ஒரு கை நீரை அள்ளி ‘எங்கள் நீர்’ என்று சொல்வது போன்றதுதான்.

இவ்வழிநடையின் குறுக்கே ஒரு சுவரை நீட்டினால் என்ன நேரும் என்பதைச் சென்னை நகரம் நூற்றைம்பது ஆண்டுகளாகக் காட்டி வருகிறது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்ட துறைமுகத்தின் கரங்கள் மணலை மறித்து நின்றன. தெற்கே, முன்பு சாலைக்கு அண்மையிலேயே அலை அடித்த இடத்தில், நடந்து கடக்கையில் கால் வலிக்குமளவு மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் பட்டினி கிடந்தன. அங்கே கடல் சில நூறு மீட்டர் உள்ளே வந்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, இறுதியில் பாறைகளைக் கொட்டித்தான் சாலையைக் காக்க முடிந்தது. மெரினாவில் காற்று வாங்க அமர்வோர் வடசென்னை மீனவரின் முற்றத்து மணலில் அமர்ந்திருக்கின்றனர் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் கணக்கில் பெரிய பிழை இராது.

மணல் சேரும் என்பதை அன்றைய பொறியாளர்கள் அறியாதவரல்லர். துறைமுகத்தின் வாயில் அடைபட்டுவிடுமோ என்பதுதான் அவர்களைப் பெரிதும் வருத்திய கவலை. அதனாலேயே கிழக்கு நோக்கியிருந்த வாயில் பின்னர் வடகிழக்காக மாற்றப்பட்டது. தம் துறைமுகத்துக்கு மணல் என்ன செய்யும் என்று கேட்கத் தெரிந்தவர்கள், தம் துறைமுகம் அடுத்தவருக்கு என்ன செய்யும் என்று அவ்வளவு அக்கறையோடு கேட்கவில்லை. மனிதனின் அறியாமை பெரும்பாலும் இத்தகையதே. தனக்கு வேண்டியதை அறிந்துகொள்வதில் அவன் கூர்மையானவன்; பிறருக்கு நேர்வதை அறிவதில்தான் கண் மங்குகிறது.

புதுச்சேரியில் இந்தச் சமாதானமும் சொல்ல இடமில்லை. 1989இல் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகக் கரங்கள் எழுந்தபோது சென்னையின் பாடம் நூறாண்டுப் பழமை பெற்றிருந்தது. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. துறைமுகம் கட்டப்பட்டது, மணலைக் கடத்தும் வேலைதான் முறையாக நடைபெறவில்லை. சில ஆண்டுகளிலேயே நகரின் முன்னிருந்த மணற்பரப்பு மறைந்தது. நகரைக் காக்கப் பாறைச் சுவர் எழுந்தது. சுவர் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கும் சுவர் நீண்டது. இவ்வாறு நீண்டு நீண்டு அரிப்பு மாநில எல்லையைக் கடந்து, தமிழகத்தின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராகச் சென்றது. வரைபடத்தில் கிழித்த கோட்டை மணல் அறியாது. அரசுகள் நன்றாக அறியும். புதுச்சேரியின் பணத்தில் தமிழகத்தின் கரையைக் காக்க முடியாது. தமிழகத்தின் ஆணையால் புதுச்சேரித் துறைமுகத்தின் மணலை அள்ள முடியாது. இடையில் குப்பத்து வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த எஃகுத் திட்டு ஒன்று புதுச்சேரிக் கடலில் அமிழ்த்தப்பட்டு, மணலும் அங்கே கொட்டப்பட, நகரின் முன் ஒரு பகுதி கரை திரும்பி வந்தது. ஒருமுறை போன கரை மீளாது என்று இனிச் சொல்வதற்கில்லை. மீளவைக்க மனமும் பணமும் யாருக்காகச் செலவிடப்படுகின்றன என்பதே கேள்வி.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காண வேண்டும். வணிகத்துக்காகத் துறைமுகம் கட்டுவோரும், நள்ளிரவில் சமையலறைச் சுவர் கடலில் விழக்கண்டு பாறை கேட்டுச் சாலையில் அமரும் ஊராரும் ஒரே தராசில் நிறுத்தப்படத் தக்கவரல்லர். முன்னவர் தம் ஆதாயத்தைப் பெற்றுக்கொண்டு அதன் செலவைப் பிறர் தலையில் இறக்குகின்றனர். பின்னவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. இருப்பதை இழக்காதிருக்க முயல்கின்றனர். துறைமுகமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மீனவருக்கும் துறைமுகம் வேண்டும். பலர் அதற்காகப் போராடியே பெற்றிருக்கின்றனர். ஆனால், மறித்த மணலை ஆண்டுதோறும் மறுபுறம் கொண்டு சேர்ப்பது துறைமுகம் செய்யும் தயவன்று, அது கடன். பிறர் பொருள் தன் வாசலில் வந்து சேர்ந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதைத் தருமம் என்று யாரும் சொல்வதில்லை.

இதுவரை எளிதாகவே வந்துவிட்டோம். இனி வருவது நமக்கு அவ்வளவு எளிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என ஊர்கள் இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கின்றன. ஆலயம், பள்ளி, கல்லறைத் தோட்டம், அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக வீடுகள்; அதற்கப்பால் கடல். ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறும்போது அங்குள்ளோர் படும் பாட்டை நாம் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. அலைத்தடுப்புச் சுவரும், கடலுக்குள் பாறைக் கரமாக நீளும் தூண்டில் வளைவும் அவர்களது நீண்டகாலக் கோரிக்கை. அவற்றில் சில நிறைவேறின. நீரோடியைத் தாண்டினால் கேரளம். அடுத்த ஊர் பொழியூர். தமிழகப் பக்கத்தில் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்ட பின்னரே தங்கள் கரை வேகமாக அழியத் தொடங்கியது என்று அங்குள்ள மீனவர் குற்றம் சாட்டுகின்றனர். புதுச்சேரிக்கு எதிராகத் தந்திராயன்குப்பத்தார் சொன்ன அதே சொற்கள், இப்போது நம்மை நோக்கி, வேறொரு மொழியில். எல்லைக்கு இருபுறமும் ஒரே தொழில், ஒரே வழிபாடு. கடலில் இறங்கினால் ஒரே நீர்.

அக்குற்றச்சாட்டு முழுவதும் மெய்யா, எவ்வளவு தூரம் மெய் என்று நிறுவுவது அளவையாளர் பணி. கடலரிப்புக்கு ஒரே காரணம் என்பது அரிது. ஆனால் தூண்டில் வளைவு செய்யும் வேலை எதுவென்பதில் கருத்து வேற்றுமை இல்லை. மணல் வரும் பக்கத்தில் அது சேர்க்கிறது. போகும் பக்கத்தில் குறைக்கிறது. அது புதிதாக ஒரு பிடி மணலையும் படைப்பதில்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றங்களை அளந்து, இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 விழுக்காடு அரிபடுகிறது, 26.9 விழுக்காடு வளர்கிறது, எஞ்சியது ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்று கண்டது. தமிழகத்தில் அரிபடும் பகுதி 42.7 விழுக்காடு. கால் பங்குக்கு மேல் கரை வளர்கிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வளர்கிற ஊர் கூட்டம் கூட்டி அதை யாருக்கும் அறிவிப்பதும் இல்லை.

சுவர், கேட்டவருக்கேனும் முழு நன்மை தருகிறதா என்றால் அதுவும் இல்லை. சாய்ந்த மணற்கரையில் ஏறி வரும் அலை தன் வலிமையை மெல்ல மெல்ல இழக்கிறது. பாறையில் மோதும் அலையோ திரும்பி வந்து பாறையின் காலடி மணலையே பறிக்கிறது. சில ஆண்டுகளில் சுவர் இருக்கும். சுவருக்கு முன் கரை இராது. கரமடி இழுக்க இடமில்லை, கருவாடு காயவைக்க இடமில்லை, வள்ளத்தை ஏற்றி வைக்க இடமில்லை. மாலையில் பிள்ளைகள் விளையாடவும் பெரியவர்கள் அமர்ந்து கடலைப் பார்க்கவும் இருந்த பரப்பும் போயிற்று. வீடு எஞ்சுகிறது, வீட்டைத் தாங்கிய தொழில் தொலைவிலுள்ள துறைமுகத்துக்குக் குடிபெயர்கிறது. (பாறை எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதே இல்லை. உள்நாட்டில் ஏதோ ஒரு குன்று அதற்காக வெடி வைத்துப் பிளக்கப்படுகிறது. அங்கும் ஓர் ஊர் தூசியைச் சுவாசிக்கிறது.) சுவரின் அருமை அவசரத்தில்தான் தெரியும். வீடு விழுந்துகொண்டிருக்கும் இரவில் மணலின் வழிநடையைப் பற்றிப் பாடம் நடத்துவது கொடுமை. ஆனால் எல்லா இரவுகளும் அத்தகைய இரவுகளல்ல. மற்ற நாள்களில் நாம் என்ன செய்தோம் என்பதுதான் வினா.

“கடல் உயர்ந்து வருகிறது, பேசாமல் விலகிப் போய்விடுங்கள்” என்று அறிவுரை கூறுவோர் உண்டு. கடல் உயர்வது உண்மைதான். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. மணலில் வீடு கட்டியவனைப் பற்றிய உவமையை நாம் சிறுவயது முதலே கேட்டு வருகிறோம். ஆனால் மீனவன் மணலில் கட்டியது அறிவின்மையால் அன்று. கடலின் முகத்தைப் பார்த்துத் தொழில் செய்பவனுக்கு வேறிடமில்லை என்பதால். அவன் விலகிப் போக வேண்டுமானால் பின்னால் நிலம் வேண்டும். பின்னால் இருப்பது சாலை, தோப்பு, விடுதி, பிறர் பட்டா. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டித் தருவதாக அரசு கூறியபோது, தாங்கள் விட்டுச்செல்லும் கரை யார் கைக்குப் போகும் என்று மீனவர் அஞ்சினர். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று.

செல்வ நாடுகளிலும் இது எளிதாக முடியவில்லை. இங்கிலாந்தின் சஃபோக் கரையிலிருந்த டன்விச், நடுக்காலத்தில் பெரிய துறைமுக நகரம். 1286 முதல் அடித்த புயல்களில் அதன் துறைமுகமும் தெருக்களும், பின்னர் ஆலயங்கள் ஒவ்வொன்றாகவும் கடலுக்குள் போயின. கடைசியாக நின்ற அனைத்துப் புனிதர் ஆலயத்தின் கோபுரம் 1919இல் வீழ்ந்தது. அதன் கல்லறைத் தோட்டத்து எலும்புகள் கரைச்சரிவில் வெளியே தெரிந்தன. வேல்ஸ் நாட்டிலுள்ள ஃபேர்போர்ன் என்ற சிற்றூருக்கு, 2054ஆம் ஆண்டளவில் தடுப்புகளைப் பேணுவதைக் கைவிட நேரும் என்ற செய்தி 2014இல் பரவியது. ஏறத்தாழ 450 வீடுகள். கடல் வந்துசேர்வதற்கு நெடுங்காலம் முன்னரே வங்கிகள் விலகிக்கொண்டன. வீடுகளின் விலை வீழ்ந்தது. கடலரிப்பில் வீடிழப்போருக்கு இழப்பீடு தரும் சட்டம் அங்கே இல்லை. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று முன்கூட்டியே திட்டமிடுவது நேர்மையான செயல்தான். ஊர்களின் எல்லையைப் பாராமல் மணல் செல்லும் எல்லையைப் பார்த்து, இங்கிலாந்து, வேல்ஸ் கரைகளை 11 பெரும்பிரிவுகளாக வகுத்துத் திட்டம் தீட்டியதும் போற்றத்தக்கதே. ஆனால் பொதுநலனுக்காக ஓர் ஊர் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பொதுமக்கள் தம் பங்குக்கு எதைக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்பதற்கு அவ்வூருக்கு உரிமை உண்டு. விலகுவோருக்கு நிலமும், கடலுக்கு வழியும், விட்டுச்சென்ற கரை விற்கப்படாது என்ற உறுதியும் இல்லாமல் சொல்லப்படும் அறிவுரை, அகற்றும் ஆணையின் மென்மையான வடிவமே.

ஆலந்து நாட்டாரிடம் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. கடலணையின் ஒவ்வொரு துண்டும் ஒரு நிலக்காரரின் பொறுப்பு. தன் துண்டைப் பேண இயலாதவன், தன் மண்வெட்டியை அணையில் குத்தி வைத்துவிட்டு நிலத்தையும் விட்டுப் போக வேண்டும். அதைப் பிடுங்குகிறவன் நிலத்தைப் பெறுவான். அணையைக் காக்கும் கடமையையும் பெறுவான். ஏழை மீது இரக்கமற்ற வழக்கம் இது. இதை நாம் பரிந்துரைக்க வரவில்லை. ஆயினும் ஒருவனது துண்டு உடைந்தால் அனைவரும் மூழ்குவர் என்ற தெளிவு அதில் இருந்தது. காலப்போக்கில் அப்பொறுப்பு பொது நீர்வாரியங்களிடம் சென்றது. 1990இல் அந்நாடு தன் கரையை அன்றிருந்த இடத்திலேயே நிறுத்துவதென முடிவு செய்தபோது, முதன்மையாகச் சுவரை நம்பாமல் மணலை நம்பியது. கடலடியிலிருந்து மணலெடுத்துக் கரைக்கு ஊட்டுகின்றனர். 2011இல் ஏக் நகருக்கு அருகே 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையும் காற்றும் அதை அக்கம்பக்கத்துக் கரைகளுக்குப் பகிர்ந்தளிக்க விட்டனர். செலவு அரசினுடையது. எந்த ஊரும் அடுத்த ஊரிடமிருந்து எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை அங்கே குறைகிறது. அவர்களுடைய செல்வம் நம்மிடம் இல்லை என்பர். உண்மை. ஆனால் பாறைக்குச் செலவிடும் கோடிகளும் ஒருமுறையோடு முடிவதில்லை; சுவர் சரிகிறது, மீண்டும் கொட்டுகிறோம்.

நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குக் கரையோர ஊர்களிலிருந்து விண்ணப்பங்கள் செல்கின்றன. ஊர்க்கமிட்டியும் பங்குப் பேரவையும் கூடி, எழுதி, கையொப்பமிட்டு அனுப்பும் தாள்கள் அவை. அவற்றில் இன்னொரு கையொப்பத்துக்கும் இடம் விடலாமே என்று நமக்குத் தோன்றுகிறது: மணல் போகும் பக்கத்திலுள்ள அடுத்த ஊரின் கையொப்பம். அதைப் பெறுவது கடினம். அவ்வூரார் தங்களுக்கும் ஒரு தூண்டில் வளைவு வேண்டுமென்பர். அதற்கடுத்த ஊராரும் அவ்வாறே கேட்பர். பாறை முனையோ ஆற்று முகத்துவாரமோ குறுக்கிடும் வரை பேச்சு நீளும். நீள நீள, ஊருக்கொரு சுவர் கேட்ட விண்ணப்பம் மாறி, துறைமுகத்தில் தேங்கிய மணலை எங்கள் எல்லாருக்கும் திருப்பிக் கொடுங்கள் என்று எழுத வேண்டிவரும். சில கூட்டங்களில் சண்டையும் மூளலாம். நீரோடியார் எழுதும் தாளில் பொழியூராரும் கையொப்பமிட வேண்டுமாயின், அதைத் தமிழில் ஒரு படியும் மலையாளத்தில் ஒரு படியுமாக எழுதி, இரண்டு ஆட்சியர்களிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.